டாக்கெட் முதலாளியின் முன்வாசல்

நெவார்க் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரியின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். சேலைகளுக்கு நடுவே விரலி மஞ்சள், கிழங்கு மஞ்சள், பொடித்த மஞ்சள். "இவ்வளவும் சமையலுக்கா?" என்றார். "சமையலுக்கு, குளிக்க, சாமிக்கு" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லி, கடைசிச் சொல்லுக்குக் கையெடுத்துக் கும்பிட்டும் காட்டினேன். சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

ஈரோட்டில் மஞ்சள் மண்டி நடத்துகிறேன். மாமனார் தொடங்கியது. கணவர் இறந்த பிறகு என் தலையில் விழுந்தது என்று ஊரில் சொல்வார்கள். விழவெல்லாம் இல்லை, நானே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். ஆனால் பெண்கள் இரண்டு பேரும் அந்தத் தூசியில் உட்காரக் கூடாது என்று படிக்க வைத்தேன். பெரியவள் சுமதி நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறாள். சின்னவள் நித்யா டெக்சஸில், கேட்டி என்ற ஊரில். இருவருக்கும் நல்ல வேலை, நல்ல வீடு. அப்பாடா என்று இருந்தேன்.

இருக்க விட்டால்தானே! ஒரு நாள் சுமதி போனில் அழாத குறையாகச் சொன்னாள்: "அம்மா, நித்யா வேலைய ரிசைன் பண்ணிட்டா. கடை வைக்கப் போறாளாம், கடை! மசாலாவும் காபியும் விக்கப் போறாளாம். நீ நேர்ல வந்து சொன்னாத்தான் கேப்பா."

மண்டிக்காரி மகள் மண்டிக்கே திரும்புகிறாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று மண்டியில் யாரும் என் பக்கம் வரவில்லை. நேரில் போய் நாலு கேள்வி கேட்டு, அவளைப் பழைய வேலைக்கே அனுப்பிவிடுவது என்று கிளம்பினேன். வழியில் எடிசனில் சுமதியையும், கலிஃபோர்னியாவில் என் தம்பி மகன் பிரபுவையும் பார்ப்பதாக ஏற்பாடு.

நித்யா கெட்டிக்காரி. நான் எதற்கு வருகிறேன் என்று தெரிந்தும் தெரியாதவள் போல ஒரு வேலை கொடுத்தாள். "அம்மா, நான் எடுக்கற கட்டடம் ஒரு பழைய பேங்க். பத்தொம்பதாம் நூற்றாண்டுல எஸ்ரா டாக்கெட்னு ஒரு வியாபாரி கட்டினது. ஊர்ல ஹெரிடேஜ் கமிட்டி ஒண்ணு இருக்கு. அவங்க ஓட்டுப் போட்டு ஓகே சொன்னாத்தான் கடை. இல்லேன்னா லீஸ் கேன்சல், அவ்ளோதான். அந்த ஆளோட ஹிஸ்டரிக்கும் என் கடைக்கும் என்ன சம்பந்தம்னு நான் அவங்க முன்னாடி பேசணும். அவர் பொறந்தது நியூ ஜெர்சி. முதல்ல சம்பாதிச்சது சான் பிரான்சிஸ்கோ. நீ போற வழிதான். பார்த்துட்டு வா. நான் லைப்ரரில படிச்சதோட சரி."

எதிரிக்கே வேலை கொடுப்பதென்றால் இதுதான். சரி, பார்க்கத்தானே சொல்கிறாள் என்று ஒப்புக்கொண்டேன்.

எடிசனில் முதல் நாள் முழுவதும் தூக்கம். மறுநாள் ஓக் ட்ரீ ரோட்டுக்குக் கூட்டிப் போனார்கள். நகைக்கடை, சேலைக்கடை, மிட்டாய்க் கடை, நடைபாதையில் இளநீர். ஈரோட்டுக் கடைவீதியைப் பெருக்கித் துடைத்து, ஹார்ன் சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டால் இதுதான். ஒரு மளிகைக் கடையில் மஞ்சள் பாக்கெட்டைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. வாங்கி, அங்கேயே பிரித்து, உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். மணமே இல்லை. "இது போன வருசத்துச் சரக்கு" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. பெரிய மாப்பிள்ளை என்னைத் தெரியாதவர் போலப் பருப்புப் பக்கம் போய்விட்டார்.

டாக்கெட் பிறந்த ஊர் ரயிலில் போகிற தூரம். நானும் சுமதியும் கிளம்பினோம். காற்றாட இருக்கட்டும் என்று கடைசிப் பெட்டியில் ஏறினோம். இறங்க வேண்டிய ஊர் வந்தது, ரயில் நின்றது, எங்கள் கதவு மட்டும் திறக்கவில்லை. சின்ன ஸ்டேஷன்களில் முன்பக்கத்துப் பெட்டிகளின் கதவைத்தான் திறப்பார்களாம். அதைப் பல வருடமாக இங்கே இருக்கிற சுமதிக்கும் தெரியவில்லை. அடுத்த ஊரில் இறங்கி, எதிர் ரயிலுக்குக் காத்திருந்து, இந்த முறை முதல் பெட்டியில் ஏறினோம். கண்டக்டர் டிக்கெட்டைப் பார்த்து, "இரண்டாவது தரிசனமா?" என்று கேட்டாராம். சுமதி மொழிபெயர்த்துச் சொன்னபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டாக்கெட் பிறந்த இடத்தில் இப்போது துணி துவைக்கும் மிஷின் கடையும் கார் நிறுத்துமிடமும் இருந்தன. பின்னால் ஒரு கால்வாய். வாத்துக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டோம். "டாக்கெட்டா? அப்படி யாரும் இங்கே குடியிருக்கவில்லையே. அந்தப் பக்கம் அபார்ட்மெண்டில் விசாரியுங்கள்" என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவ்வளவு பெரிய முதலாளி, பிறந்த ஊரில் பெயர் சொல்ல ஆளில்லை.

நித்யா சொன்ன கதைப்படி, டாக்கெட் பதினெட்டு வயதுக்கு முன்பே முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு இந்தக் கரையோரமாகப் பண்ணை பண்ணையாக நடந்தவர். ஊசி, நூல், பொத்தான், ரிப்பன். எங்கள் பக்கமும் அப்படிச் சுமந்து விற்பவர்கள் உண்டு. எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். வியாபாரத்துக்கு அதைவிடப் பெரிய படிப்பு இல்லை.

"நல்ல வேலைம்மா. யாராவது விடுவாங்களா? நீயாவது சொல்லு" என்றாள் சுமதி, திரும்பி வரும்போது.

"சொல்றதுக்குத்தான கண்ணு வந்திருக்கறேன்" என்றேன். அப்போதும் அந்த எண்ணத்தில்தான் இருந்தேன்.

சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியதும் குளிர். கோடை என்கிறார்கள், நான் சால்வையைப் போர்த்திக்கொண்டேன். பிரபு மின்சாரக் காரோடு வந்திருந்தான். பெட்ரோல் போட வேண்டியதில்லை அத்தை, புகை இல்லை அத்தை, சத்தம் இல்லை அத்தை என்று வழியெல்லாம் அதன் பெருமை. அவன் வீடு இருக்கிற ஃபிரீமாண்டுக்குப் போகும் நீளமான பாலத்தின் மேல் அவன் பேச்சு குறைந்தது. ஏசியை நிறுத்தினான். அப்புறம் பாட்டை நிறுத்தினான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல அத்தை. சார்ஜ் கொஞ்சம் கம்மியா இருக்கு. ஏர்போர்ட் வர்ற அவசரத்துல சார்ஜ் பண்ண மறந்துட்டேன்."

மாட்டுவண்டி வேகத்தில் பாலத்தைக் கடந்து, ஒரு கடைவாசலில் சார்ஜ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நல்லவேளையாக எதிரிலேயே தோசைக் கடை. பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். எங்களுக்கு முன்னால் நின்ற இரண்டு வெள்ளைக்காரப் பெண்களில் ஒருத்தி, "போடியில் நெய் ஊற்றிக்கொள், எண்ணெய் வேண்டாம்" என்று மற்றவளுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தாள். இட்லிப் பொடியைத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று பிரபு விளக்கினான். எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தப் பொடியில் எங்கள் ஊர் மஞ்சள் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றியது, பிரபு கையைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் துறைமுகக் கரையில் நடந்தோம். ஆற்றில் தங்கம் கிடைக்கிறது என்று உலகமே இங்கே ஓடி வந்த காலத்தில் டாக்கெட்டும் கப்பலேறி வந்திருக்கிறார். வந்து பார்த்தால் ஆற்றில் கால் வைக்க இடமில்லை. அவர் மண்வெட்டியைக் கையில் எடுக்கவே இல்லை. கரையிலேயே கூடாரம் போட்டு, தங்கம் தோண்டப் போகிறவர்களுக்கு பூட்ஸ், ஆணி, அவரைக்கொட்டை விற்கத் தொடங்கினார்.

எனக்கு எங்கள் ஊர்ச் சாக்கு வியாபாரி ஞாபகம் வந்தார். ஒரு வருடம் மஞ்சள் விலை எகிறியது. நெல் போட்டவன், வாழை போட்டவன் எல்லாரும் அடுத்த வருடம் மஞ்சள் போட்டார்கள். விலை விழுந்தது, எல்லாரும் தலையில் துண்டு போட்டுக்கொண்டார்கள். சாக்கு விற்றவர் மட்டும் மாடிவீடு கட்டினார்.

டாக்கெட்டிடம் ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. ஆளுயரப் பெட்டி. தோண்டியவர்கள் தங்கத்தூளைப் பையில் கட்டிக்கொண்டு வந்து, "இதைக் கொஞ்சம் வைத்திருங்கள், ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொள்கிறேன்" என்று கொடுத்தார்களாம். பிறகு ஒரு தீயில் கடை முழுக்கப் போனது. சாம்பலுக்கு நடுவே பெட்டி மட்டும் நின்றது. திறந்து, அவரவர் பையை அவரவரிடம் கொடுத்துவிட்டு, காலிப் பெட்டியோடு கப்பலேறி டெக்சஸ் போனார்.

பிரபு இதைச் செல்போனில் நித்யா அனுப்பியதிலிருந்து படித்துச் சொன்னபோது நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடை எரிந்த அன்று மனுஷன் என்ன பாடுபட்டிருப்பார்! அடுத்தவர் பொருளில் கை வைத்திருந்தால் அன்றைக்கே திரும்பக் கடை போட்டிருக்கலாம். எங்கள் மண்டியிலும் வெளியூர்க் குடியானவர்கள் மகள் கல்யாண நகையைக் கொடுத்து வைப்பார்கள். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. கேட்கிற அன்றைக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"நித்யாகிட்ட என்ன சொல்லப் போறீங்க அத்தை?" என்றான் பிரபு.

"நேர்ல பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். என் குரலில் சுருதி குறைந்திருந்ததை அவன் கவனித்துவிட்டான். சிரித்தான் படவா.

ஹூஸ்டனில் விமானத்தை விட்டு இறங்கிய உடனே எனக்கு உயிர் வந்தது. வெயில் என்றால் வெயில், ஈரோட்டுச் சித்திரை வெயில். நித்யா இளைத்திருந்தாள். கண்ணைச் சுற்றிக் கருப்பு. ஆனால் வேலை பார்த்த காலத்தில் விடுமுறைக்கு வரும்போது இருந்த அந்தச் செத்த பார்வை இல்லை. ஃப்ரீவேயில் வண்டியை ஓட்டிக்கொண்டே காபிக்கொட்டை எங்கே வாங்குவது, மல்லி எங்கே வறுப்பது என்று பேசிக்கொண்டே வந்தாள். என்னிடமிருந்து வந்த பேச்சு. எங்கே கற்றாள் என்று தெரியவில்லை, நான் இவளை மண்டிப் பக்கமே விட்டதில்லை.

"கடைக்கு என்ன பேரு வைக்கப்போற?"

"மண்டி."

"மண்டியா?"

"ஆமாம்மா. இங்க யாருக்கும் அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும்ல."

நாலு கேள்வி கேட்க வந்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தூசி விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டடம் கேட்டியிலிருந்து தள்ளி, பருத்திக் காட்டுக்கு நடுவே ஒரு சிற்றூரின் மூலையில் இருந்தது. செங்கல் கட்டடம். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு முன்கதவு, பித்தளைக் கைப்பிடி. பேத்தி நிலாவும் கூட வந்தாள். தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். "ரொம்பப் பழசு பாட்டி, உள்ளே பேய் இருக்கும்" என்றாள். உள்ளே பேய் இல்லை, டாக்கெட்டின் இரும்புப் பெட்டி இருந்தது. கப்பலில் வந்து, மாட்டுவண்டியில் ஏறி இந்த ஊருக்கு வந்த அதே பெட்டி. பச்சைப் பெயிண்டில் ஒரு ஓரம் கருகியிருந்தது. இங்கே பருத்தி வியாபாரியாகக் கடை போட்டவரிடம் ஊர்க்காரர்கள் பெட்டியை நம்பிப் பணத்தைக் கொடுத்து வைக்க, கொஞ்சம் கொஞ்சமாகக் கடை பேங்க் ஆகிவிட்டது.

வெளியே சுற்றி வந்தேன். பக்கத்துச் சந்தில், நெஞ்சுயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். கம்பி போட்டது. கீழ்ப்பலகை வழவழவென்று தேய்ந்திருந்தது.

"இதென்ன அம்மணி?"

"வென்டிலேஷனுக்கா இருக்கும்மா."

காற்றுக்கு வைக்கிற ஜன்னல் இவ்வளவு தாழ்வாக இருக்காது. பலகையும் தேயாது. எனக்கு எங்கள் மண்டிச் சுவர் ஒன்று ஞாபகம் வந்தது. பலகையை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கமிட்டித் தலைவி டெனிஸ் அம்மா கட்டடத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. நித்யாவும் சின்ன மாப்பிள்ளையும் காலையிலிருந்து கூட்டித் துடைத்தார்கள். எனக்கு வேலை கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை, எதிரில் இரும்புப் பெட்டி, கைப்பையில் மஞ்சள். நான் என்ன செய்வேன்? ஈரோட்டில் வெள்ளிதோறும் பெட்டிக்கும் தராசுக்கும் பொட்டு வைக்காமல் தண்ணீர் குடித்ததில்லை. மஞ்சளைக் குழைத்து, பெட்டிக் கதவில் மூன்று பட்டை தாராளமாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். என் ஊர்ப் பெட்டியைப் போலவே லட்சணமாக இருந்தது. கும்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன்.

"அம்மா!" என்று நித்யா போட்ட கூச்சலில் சந்தில் நின்ற பூனை ஓடியது. "இது ஹெரிடேஜ் பீஸ்ம்மா! தொடவே கூடாது!"

நான் திரும்பி வருவதற்குள் அவள் சோப்புத் தண்ணீரை எடுத்துத் தேய்த்திருந்தாள். ஐயோ, ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா! மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவந்துபோகும். மண்டிக்காரி மகளுக்கு இது தெரியவில்லை. மூன்று அழகான மஞ்சள் பட்டைகள் கதவு முழுக்க ரத்தச் சிவப்பாக வழிந்துகொண்டிருந்தன. அதே நேரம் டெனிஸ் அம்மா உள்ளே வந்தார்.

சிவப்பை வெகுநேரம் பார்த்தார். செல்போனில் படமெடுத்தார். "சுவாரசியமாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நித்யா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "போச்சும்மா. இந்த ஊர்ல 'இன்ட்ரஸ்டிங்'னு சொன்னா முடிஞ்சது. லீஸ் போச்சு, கடை போச்சு. பழைய கம்பெனில என் இடத்துக்கு ஆள் போட்டாச்சு."

இப்படித்தான் ஆகும் என்று சொல்வதற்காகவே கடல் தாண்டி வந்தவள் நான். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "எந்திரி. இன்னும் ஓட்டே போடல, அதுக்குள்ள என்ன ஒப்பாரி? என்ற மக கடை வைப்பா" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

கமிட்டிக் கூட்டம் ஊர் மண்டபத்தில் மாலையில் நடந்தது. மேடையில் ஐந்து பேர். நித்யா நன்றாகப் பேசினாள். மூட்டை சுமந்த டாக்கெட், பூட்ஸ் விற்ற டாக்கெட், தீயில் நின்ற பெட்டி, பருத்தி, பேங்க். என் அம்மாவும் வியாபாரி, எங்கள் வீட்டிலும் பெட்டியை நம்பித்தான் எல்லாம் என்று முடித்தாள்.

டெனிஸ் அம்மா படத்தைத் திரையில் போட்டார். கூட்டத்தில் சலசலப்பு. "இந்தச் சிவப்பைப் பற்றி விளக்க முடியுமா?"

நான் எழுந்துவிட்டேன். "அதுக்குப் பதில் நான் சொல்லோணும். நீ இங்கிலீஷ்ல சொல்லு அம்மணி."

சொன்னேன். அது ரத்தம் இல்லை, மஞ்சள். நம்பி வந்தவர்கள் பொருளைக் காப்பாற்றுகிற பெட்டியை நாங்கள் வெறும் இரும்பாகப் பார்ப்பதில்லை, வெள்ளிக்கிழமை பொட்டு வைத்துக் கும்பிடுவோம். உங்கள் டாக்கெட் கடை எரிந்தபோதும் அடுத்தவர் தங்கத்தில் கை வைக்காத மனுஷன், அதனால்தான் வைத்தேன். கேட்காமல் வைத்தது என் அவசரம். எலுமிச்சம்பழம் தேய்த்தால் சிவப்புத் தெளியும், நானே தேய்த்துத் தருகிறேன்.

சிலர் சிரித்தார்கள். மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கருப்பர் மட்டும் சிரிக்கவில்லை. பெயர் வால்டர், இந்த ஊர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மெதுவாகப் பேசினார். நித்யா மொழிபெயர்க்கத் தொடங்கி நிறுத்திவிட்டாள்.

"என்ன சொல்றாரு? விடாமச் சொல்லு."

அவர் சொன்னது இது: "பருத்தி, பருத்தி என்று சொன்னீர்கள். அதை அடிமைகளாக இருந்து பறித்தவர்கள் எங்கள் ஆட்கள். விடுதலைக்குப் பிறகு என் கொள்ளுத்தாத்தா இந்த ஊரில் குதிரைக்கு லாடம் அடித்தார். டாக்கெட் பேங்கில்தான் பணம் போட்டார். ஆனால் ஒரு நாளும் முன்வாசல் வழியாக உள்ளே போனதில்லை. சந்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. எங்களுக்கு அதுதான் பேங்க், மழை பெய்தாலும். நீங்கள் கும்பிட்ட பெட்டியை அவர் பார்த்ததுகூட இல்லை. இது உங்களுக்குத் தெரியுமா?"

நித்யா ஒரு வழியாகச் சொல்லி முடித்தாள்.

"தெரியாதுங்க" என்றேன். "ஆனா அந்த ஜன்னலைப் பார்த்த ஒடனே எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சுங்க. ஏன்னா எங்க மண்டியிலயும் அப்படி ஒண்ணு இருந்துச்சு. மஞ்சள் வேகவைக்கறவங்க, தேய்க்கறவங்க எல்லாம் சாதியில கீழன்னு உள்ள விடமாட்டாங்க. என்ற மாமனாரு அந்த ஜன்னல் வழியாத்தான் கூலி குடுப்பாரு. கையில படாம மேல இருந்து போடுவாரு. நல்ல மனுசன்னு ஊரே சொல்லும். பெட்டியில வெச்ச ஒரு குண்டுமணி தங்கம் கொறஞ்சதில்ல. ஆனா ஜன்னலும் இருந்துச்சு."

நித்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இதை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

"மண்டி என் கைக்கு வந்த அன்னைக்கு மொதல் வேலையாக் கொத்தனாரக் கூப்பிட்டு அத அடைச்சேங்க. கூலி வாங்கறவங்க முன்வாசல்ல வந்து, ஒக்காந்து, தண்ணி குடிச்சுட்டு வாங்கிட்டுப் போகோணும்னேன். கொழுந்தனாரு பேச்ச நிறுத்திட்டாரு. நிறுத்தட்டும். இங்கயும் அந்த ஜன்னல அடைச்சுப் போடறோமுங்க. என்ற மக கடைக்கு ஒரே வாசல்தான்."

நித்யா அதை இங்கிலீஷில் சொன்னாள். ஒரு சொல் விடவில்லை. அவளைப் பெற்றதற்கு அன்றைக்குப் பட்ட பெருமை, அவள் வேலை வாங்கிய அன்றுகூட நான் பட்டதில்லை.

வால்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடைக்க வேண்டாம்" என்றார். "அடைத்தால் அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாமல் போகும். ஜன்னல் அப்படியே இருக்கட்டும். அது என்னவென்று பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்த நிபந்தனையோடு என் ஓட்டு கடைக்கு."

மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். டெனிஸ் அம்மாதான் கடைசி. பெட்டியை எலுமிச்சம்பழம் கொண்டு தேய்க்கவும் கூடாது, வேறு எதுவும் செய்யவும் கூடாது, கமிட்டி ஆள் வந்து பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு அவரும் தூக்கினார். நித்யா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அன்றிரவு வால்டர் சொன்னதை யோசித்தேன். என் மண்டியில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு ஜன்னல் இருந்ததே தெரியாது. அடைத்ததோடு நான் நிறுத்திக்கொண்டேன். ஊருக்குப் போனதும் அந்தச் சுவரில் எழுதி வைக்கப் போகிறேன். கொழுந்தனார் இன்னொரு முறை பேச்சை நிறுத்தட்டும்.

கடை திறந்த நாளுக்கு வருகிறேன். வாசலில் மாவிலை கிடைக்கவில்லை, ஏதோ இங்கத்து இலையைக் கட்டினோம். திறப்பதற்கு முன்பே வெளியே வரிசை. கேட்டியிலிருந்து தமிழ்க் குடும்பங்கள், உள்ளூர்க்காரர்கள், தொப்பி போட்டுக்கொண்டு டெனிஸ் அம்மா. நான் கதவைத் திறக்க விடவில்லை.

"அம்மா, வெயில்ல நிக்கிறாங்க!"

"போணி அந்த வாத்தியாரு கையால ஆகோணும்."

"அவர் வரும்போது வரட்டும்மா. இவங்க வாங்கிட்டுப் போகட்டும்."

"மொதல்ல உள்ள வந்த ஆளை வாங்காம இருங்கன்னு சொல்றது பாவம். அதுக்குத்தான் தொறக்காம இருக்கறேன்."

வியாபாரிக்கு இதில் தர்க்கம் புரியும். நித்யா தலையில் கைவைத்துக்கொண்டாள். வால்டர் வருவதாகச் சொன்ன நேரம் கடந்துவிட்டது. அவருடைய கார் மட்டும் தெருவில் நின்றது. ஆளைக் காணோம். எங்கே இருப்பார் என்று எனக்குத் தோன்றியது. பின்கட்டு வழியாக இறங்கிச் சந்துக்குப் போனேன்.

அங்கேதான் நின்றார். கோட்டும் டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, அந்த ஜன்னல் பலகையின் தேய்ந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு. பக்கத்தில் நித்யா மாட்டியிருந்த எழுத்தைப் படித்துவிட்டிருந்தார் போல. என்னைப் பார்த்தார். எனக்கு அவர் மொழி வராது, அவருக்கு என் மொழி வராது. "வாங்க" என்றேன், நம் வீட்டு வாசலில் நின்று சொல்கிற மாதிரியே. கையை முன்பக்கம் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். இருவரும் சந்திலிருந்து சுற்றி வந்து, வரிசையைக் கடந்து, முன்வாசலுக்கு நடந்தோம்.

பித்தளைக் கைப்பிடியை அவரே திருகினார். கதவு கனம், ஆனாலும் திறந்தது. உள்ளே வந்து இரும்புப் பெட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். மஞ்சள் கறை இன்னும் லேசாகத் தெரிந்தது. அப்புறம் கல்லாவுக்கு வந்து ஒரு பொட்டலம் மஞ்சள் தூள் கேட்டார். அவர் நீட்டிய நோட்டை நித்யா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

வால்டர் வாசலுக்குத் திரும்பினார். வெளியே டெனிஸ் அம்மா முதற்கொண்டு எல்லாரும் உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். கதவை முதுகால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வகுப்பறையில் பேசுகிற குரலில் அவர் சொன்னார்:

"ஏன் எல்லாரும் வெளியே நிற்கிறீர்கள்? உள்ளே வாருங்கள்."